பிள்ளை எழுத வேண்டிய பட்டியல்

2017-ஆம் ஆண்டு மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வெளியானபோது நெடுநாள் வழக்கம் ஒன்று நின்றுபோனது. மாநில அளவில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்கள் யார் என்ற அறிவிப்பு அந்த ஆண்டு வரவில்லை. மாணவர்களிடையே தேவையில்லாத போட்டியும் மன உளைச்சலும் வேண்டாம் என்று பள்ளிக்கல்வித் துறை எடுத்த நல்ல முடிவு அது. ஆனால், முடிவு வந்த அன்று மாலையே வீடுகளில் தொடங்கிவிடும் விசாரணையை எந்த அரசாணையாலும் நிறுத்த முடிவதில்லை. "எவ்வளவு மார்க்?" என்பதற்குப் பதில் சொல்லி வாய் மூடுவதற்குள், "எந்த காலேஜ்? சிஎஸ் கிடைக்குமா? ஹாஸ்டலா, வீட்டுல இருந்து போறதா?" என்று அடுத்தடுத்த கேள்விகள் வந்து விழும். பெரியப்பா கேட்பார், அத்தை கேட்பார், அப்பாவோடு வேலை பார்ப்பவர் கேட்பார். பதினேழு வயதுப் பிள்ளை எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் போனை எடுப்பதையே விட்டுவிடும்.

தேர்வுக்குப் படித்த நாட்களைவிடத் தேர்வு முடிந்து கல்லூரியில் சேரும்வரையிலான சில மாதங்கள்தான் பல பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கின்றன. இதில் பெற்றோர் மேல் பழி போட்டுப் பயனில்லை. தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் சேருவோர் 47 விழுக்காடு என்கிறது மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பு. நாட்டின் சராசரி 28.4தான். இத்தனை பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள் என்றால், கல்லூரி வாசலையே மிதிக்காத பெற்றோரின் பிள்ளைகளும் அதில் ஏராளம் என்று பொருள். தாங்கள் நடந்து பார்க்காத பாதையில் பிள்ளையை அனுப்புகிறவர்களுக்குப் பயம் வருவது இயற்கை. அந்தப் பயத்தை வீட்டுக்குள் கூட்டுவதும் குறைப்பதும் இரண்டு விஷயங்களில் அடங்கியிருக்கிறது. சேர்க்கை முறை எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்வது ஒன்று. வீட்டின் நிபந்தனைகளைப் பிள்ளையிடம் முன்கூட்டியே மனம்விட்டுச் சொல்வது மற்றொன்று.

மிகப் பெரிய குழப்பம் பொறியியல் கவுன்சலிங்கில்தான் என்பதால் அதை எடுத்துக்கொள்ளலாம். 2017 வரை இது நேரில் நடந்தது. கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்துக்கு ஊர் ஊராகக் குடும்பங்கள் இரவு பஸ் பிடித்து வந்து இறங்கும். திரையில் காலியிடங்கள் ஓடிக்கொண்டிருக்கும். பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய்ச் சில நிமிடங்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். நினைத்துப்போன கல்லூரி கண் முன்னாலேயே நிரம்பிவிட்டால், அங்கேயே நின்று வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018-இல் கவுன்சலிங் ஆன்லைனுக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. அலைச்சல் போய்விட்டது. ஆனால் நேரில் அதிகாரியிடம் கேட்டுத் தெளிந்துகொண்ட வாய்ப்பும் குறைந்தது. புரியாத திரை ஒன்றின் முன்னால் குடும்பம் தனியாக உட்கார்ந்திருக்கிறது.

கணக்கு உண்மையில் எளிது. நுழைவுத் தேர்வு 2007-08 கல்வியாண்டிலிருந்து இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். கணிதம் 100-க்கு அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்படும். மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 வாங்கிய பெண்ணுக்கு 92, 42, 44 என்று கூட்டினால் கட்-ஆஃப் 178. ஒரே கட்-ஆஃப் பல பேருக்கு வந்தால் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். பிறந்த தேதி வரைக்கும் எல்லாமே ஒன்றாக இருந்தால்தான் ரேண்டம் எண் பார்க்கப்படும். பத்து இலக்க ரேண்டம் எண் வந்த நாளில் "நம்ம பிள்ளைக்குச் சின்ன நம்பரா வந்துடுச்சே" என்று கலங்குகிற பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அந்தக் கலக்கத்துக்கு அவசியமே இல்லை.

தவறு பெரும்பாலும் நடப்பது அடுத்த கட்டத்தில், சாய்ஸ் ஃபில்லிங் என்று எல்லோரும் சொல்லும் விருப்பப் பதிவில். எத்தனை கல்லூரிகளை, எத்தனை பாடப்பிரிவுகளை வேண்டுமானாலும் வரிசைப்படுத்தி எழுதலாம். எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கிடையாது. இங்கேதான் வீட்டில் ஒருவர் சொல்வார்: "கிடைக்காததை மேல எழுதி வேஸ்ட் பண்ணாத. நிச்சயமா கிடைக்கிறதை முதல்ல போடு." கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் யோசனை. ஆனால் முழுத் தவறு.

கணினி என்ன செய்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். தரவரிசையில் முதல் மாணவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக எடுக்கிறது. 178 கட்-ஆஃப் உள்ள பெண்ணின் முறை வரும்போது, அவள் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கிறது. முதல் விருப்பத்தில் பொதுப் பிரிவிலோ அவளுடைய இடஒதுக்கீட்டுப் பிரிவிலோ இடம் இருக்கிறதா? இல்லை. இரண்டாவது? இல்லை. மூன்றாவது? இப்படியே போய், இடம் இருக்கிற முதல் வரியில் நின்றுவிடும். மேலே எழுதிய பத்துக் கல்லூரிகள் கிடைக்காமல் போனதற்காகப் பதினொன்றாவது வரியில் அவளுக்கு எந்தக் குறையும் வராது. அதற்கு மாறாக, பயந்துபோய் நிச்சயமாகக் கிடைக்கும் கல்லூரியை முதல் வரியில் எழுதினால் அதுவே கிடைத்துவிடும். அவள் மனதார விரும்பிய கல்லூரியில் இடம் காலியாக இருந்திருந்தாலும் கணினி அதைத் திரும்பிப் பார்க்காது. ஆகவே ஆசையின் வரிசைப்படி எழுதுவதுதான் புத்திசாலித்தனம். கிடைக்குமா கிடைக்காதா என்ற கணக்கு, பட்டியல் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய மட்டும் உதவும். முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்த இனத்தில் எத்தனை கட்-ஆஃப் வரை போனது என்ற விவரம் வெளியிடப்படுகிறது. அதைப் பார்த்து, பட்டியலின் கடைசிப் பகுதியில் நிச்சயம் கிடைக்கக்கூடிய சில கல்லூரிகள் இருப்பதை உறுதி செய்துகொண்டால் போதும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகும் கதவு மூடுவதில்லை. கிடைத்த இடத்தை ஏற்றுச் சேரலாம். ஏற்றுக்கொண்டு, மேலே உள்ள விருப்பங்களில் இடம் காலியானால் மாறிக்கொள்ளச் சம்மதம் தரலாம். இதைத்தான் பிள்ளைகள் 'அப்வேர்டு' என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லி அடுத்த சுற்றுக்கும் போகலாம். அப்வேர்டில் ஒன்றை மறக்கக் கூடாது. மேலே இருக்கும் இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. பெரியப்பா சொன்னாரே என்று மனமில்லாமல் மேலே எழுதிய கல்லூரி இந்த இடத்தில் வந்து சிக்கவைத்துவிடும். ஒவ்வொரு முடிவுக்கும் சில நாட்கள்தான் அவகாசம் என்பதால், "கிடைச்சா போறியா?" என்ற கேள்வியைப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. "போறேன்" என்று பிள்ளை சொல்லாத வரி பட்டியலில் இருக்க வேண்டாம்.

இந்தப் பட்டியலைப் பிள்ளை எழுத வேண்டும். பெற்றோருக்கு வேலை இல்லையா என்றால், அவர்களுடையதுதான் பெரிய வேலை. அது பட்டியலுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

பல வீடுகளில் உளைச்சல் எங்கிருந்து வருகிறது என்று உற்றுப் பார்த்தால், சொல்லப்படாத நிபந்தனைகளிலிருந்துதான். "உனக்கு எது பிடிக்குதோ அதைப் படிம்மா" என்று அப்பா ஏப்ரலில் சொல்லியிருப்பார். பாசத்தில் சொன்னதுதான். பெண் கோவையில் ஒரு கல்லூரியை மனதில் வைத்து, அதன் வளாகத்தை வீடியோவில் பார்த்துப் பார்த்து வைத்திருப்பாள். ஜூலையில் இடம் கிடைத்த பிறகுதான், "அவ்வளவு தூரமா? ஹாஸ்டலுக்கு எங்க போறது? அக்கா கல்யாணக் கடனே இன்னும் முடியல" என்று பேச்சு வரும். பணம் இல்லாததைவிட, அது இத்தனை நாள் தெரியாமல் இருந்ததுதான் அந்தப் பெண்ணை அதிகம் காயப்படுத்துகிறது. தான் ஏதோ பெரிய தவறு செய்துவிட்டதாக அவள் நினைத்துக்கொள்வாள்.

ஆகவே தேர்வு முடிந்த வாரத்திலேயே, ஒரு மாலை நேரத்தில் வெள்ளைத்தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுவது உத்தமம். ஆண்டுக்கு வீட்டால் எவ்வளவு முடியும்? கல்விக் கட்டணம், ஹாஸ்டல், மெஸ், பஸ் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஒரு லேப்டாப் எல்லாம் சேர்த்து நான்கு ஆண்டுக்கு எவ்வளவு வரும்? வெளியூர் அனுப்புவதா? எந்த ஊர் வரை? யாராவது உறவினர் அங்கே இருக்கிறார்களா? கடன் வாங்குவதாக இருந்தால் எவ்வளவு? வங்கிக் கல்விக் கடனில் 4 லட்ச ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. பெற்றோர் கூட்டாகக் கையெழுத்திட்டால் போதும். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் கழித்துத்தான் தவணை தொடங்கும். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்கு முதல் பட்டதாரி சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது, அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. இவற்றையெல்லாம் எழுதிக் கூட்டினால் கடைசியில் ஒரு தொகையும் ஓர் எல்லையும் கிடைக்கும். அந்த எல்லைக்குள் எதை வேண்டுமானாலும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் பிள்ளை எழுதலாம், வீடு பிறகு பின்வாங்காது. இந்த உறுதியைவிட நிம்மதி தரும் வார்த்தை ஒரு பிள்ளைக்கு வேறு இல்லை.

சான்றிதழ் வேலைகளும் பெற்றோருக்குரியவைதான். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் முன்பே விண்ணப்பித்துவிட்டால் ஜூன் மாதத் தள்ளுமுள்ளில் சிக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் தரும் கைபேசி எண் கவுன்சலிங் முடியும்வரை வீட்டில் இருப்பவர் கையில் இருக்க வேண்டும். ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். தெரு முனை நெட் சென்டரில் கொடுத்துவிட்டு வருகிறவர்கள், அங்கே இருப்பவரின் எண்ணையும் கடவுச்சொல்லையும் விட்டுவிட்டு வருவதுண்டு. பிறகு பட்டியல் யார் கையில் என்று சொல்ல முடியாது. வீட்டில் கணினி இல்லையென்றால் அரசின் சேர்க்கை சேவை மையங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. அங்கே விண்ணப்பிக்கவும் விருப்பம் பதியவும் உதவி கிடைக்கும்.

பிள்ளைக்குப் பொறியியலே வேண்டாம் என்றால்? உளவியலோ, காமர்ஸோ, தமிழ் இலக்கியமோ படிக்க ஆசைப்பட்டால்? அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்குத் தனி ஆன்லைன் சேர்க்கை இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரி போல 1840-இலிருந்து நடக்கும் கல்லூரியும் அதில் அடக்கம். "அதைப் படிச்சு என்ன பண்ணுவ?" என்று கோபமாகக் கேட்டால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அதே கேள்வியை உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டிக் கேட்டால், பிள்ளை போய்த் தேடிக்கொண்டு வந்து பதில் சொல்லும். தேட முடியாமல் திணறினால் அந்த ஆசை எவ்வளவு ஆழமானது என்று அதற்கே புரியும். தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தின் கீழ் நடக்கும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளுக்கு இருவரும் சேர்ந்து போய் வரலாம். என்னென்ன படிப்புகள் இருக்கின்றன என்று பெற்றோரும் பிள்ளையும் ஒரே நேரத்தில், ஒரே நாற்காலி வரிசையில் உட்கார்ந்து கேட்பது வீட்டுச் சண்டையில் பாதியைக் குறைத்துவிடும்.

கல்லூரியை எப்படி எடைபோடுவது? விளம்பரப் பலகையில் "ஆண்டுக்கு 40 லட்சம்" என்று ஒரு மாணவரின் சிரித்த முகம் இருக்கும். அது ஒருவருக்குக் கிடைத்த சம்பளம். மற்றவர்களின் நிலையைத் தெரிந்துகொள்ள வழி உண்டு. 2016 முதல் மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் தரும் விவரங்களில், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்கும் மேற்படிப்புக்கும் போனார்கள், வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன என்பதெல்லாம் இருக்கும். எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவர் வாங்குவதுதான் இடைநிலைச் சம்பளம். தரவரிசையில் கல்லூரி எத்தனையாவது இடம் என்பதைவிட இந்த ஓர் எண் அதிகம் சொல்லும். அந்தத் தரவரிசைக்கு விண்ணப்பித்த கல்லூரிகள் இந்த அறிக்கையைத் தங்கள் இணையதளத்திலும் வைத்திருக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டைப் பருவந்தோறும் வெளியிடுகிறது. அதையும் பார்க்கலாம். என்.பி.ஏ. எனப்படும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பாடப்பிரிவு வாரியாகத் தரப்படுவது. ஒரு கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருந்து, பிள்ளை சேரப்போகும் பிரிவுக்கு இல்லாமல் இருக்கலாம்.

பிறகு நேரில் போய்ப் பார்ப்பது. திறப்பு விழா மாதிரி ஏற்பாடு செய்த நாளில் போகாமல், சாதாரண வேலைநாளில், வீட்டிலிருந்து எந்த பஸ்ஸில் போக வேண்டுமோ அதே பஸ்ஸில் போவது நல்லது. காலை ஏழு மணிக்கு அந்த பஸ்ஸில் நின்றுகொண்டே ஒன்றரை மணி நேரம் போனால், தினமும் இது முடியுமா என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். வாசலில் உள்ள டீக்கடையில் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நிற்பார்கள். "லேப் உண்மையா நடக்குதா அண்ணா? அரியர் வந்தா யாராவது உட்கார்ந்து சொல்லித் தருவாங்களா?" என்று பிள்ளை கேட்கட்டும். பெற்றோர் சற்றுத் தள்ளி நின்றுகொள்ளலாம். அலுவலக அறையில் கிடைக்காத பதில்கள் அங்கே கிடைக்கும்.

அந்த இரண்டாவது கேள்வி சாதாரணமானதல்ல. 2014-இல் அமெரிக்காவில் கேலப் நிறுவனமும் பர்டியூ பல்கலைக்கழகமும் சேர்ந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டதாரிகளிடம் ஆய்வு நடத்தின. படித்த கல்லூரி புகழ்பெற்றதா, சாதாரணமானதா என்பது அவர்களின் வேலை ஈடுபாட்டில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. தன்மேல் அக்கறை காட்டிய ஆசிரியர்கள், படிப்பில் ஆர்வத்தைத் தூண்டிய ஒருவர், கனவுகளுக்கு ஊக்கம் தந்த ஒருவர் என்று அமைந்தவர்கள்தான் பிற்காலத்தில் வேலையில் அதிக ஈடுபாட்டோடு இருந்தார்கள். அதற்காக எந்தக் கல்லூரியும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவு திறமையுள்ள மாணவர்கள் மிகப் பெயர்பெற்ற கல்லூரிக்குப் போகாவிட்டாலும் பின்னாளில் ஏறத்தாழ அதே அளவு சம்பாதித்ததைக் கண்டார்கள். ஆனால் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நல்ல கல்லூரி நிஜமாகவே கைகொடுத்தது என்பதும் அதே ஆய்வில் வந்த முடிவு. நம் ஊரின் முதல் பட்டதாரிப் பிள்ளைகள் விஷயத்தில் இதை மனதில் வைக்க வேண்டும். கிண்டியிலோ குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலோ இடம் கிடைத்த பெண்ணைத் தூரம் என்று சொல்லி வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் சேர்ப்பது அவளுக்கு ஏற்படுத்தும் பெரிய இழப்பு.

முடிவெடுத்த பிறகு வருந்துகிறவர்களைப் பற்றியும் ஓர் ஆய்வு இருக்கிறது. ஷீனா ஐயங்கார், ரேச்சல் வெல்ஸ், பாரி ஷ்வார்ட்ஸ் மூவரும் 2006-இல் வெளியிட்டது. வேலை தேடிய இறுதியாண்டு மாணவர்களில், இருப்பதிலேயே சிறந்ததைத்தான் எடுப்பேன் என்று தேடித் தேடிப் பார்த்தவர்கள், நல்லது கிடைத்ததும் நிறுத்திக்கொண்டவர்களைவிட 20 விழுக்காடு கூடுதல் சம்பளத்தில் வேலை பெற்றார்கள். ஆனால் மகிழ்ச்சி அவர்களுக்குத்தான் குறைவு. சேர்ந்த பிறகும் "இன்னும் ரெண்டு மார்க் வாங்கியிருந்தா அங்க கிடைச்சிருக்கும்" என்று அம்மா தினமும் சொல்லிக்கொண்டிருந்தால், கிடைத்த இடத்தில் பிள்ளையின் மனம் எப்படி ஒட்டும்?

ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் எச்சரிக்கை தேவை. கவுன்சலிங் முடிவதற்குள் "இப்பவே அட்மிஷன் போட்டுடுங்க, சீட் முடிஞ்சுடும்" என்று மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு அவசரப்படுத்துவார்கள். அசல் டிசியையும் மதிப்பெண் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டால், பிறகு அரசு இடம் கிடைத்தாலும் குடும்பம் பதறி நிற்கும். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருக்கிறது. இடத்தைக் கைவிடுபவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் விதிகள் உண்டு. இதைத் தெரிந்திருக்கும் பெற்றோர் பதற்றமில்லாமல் பேச முடியும்.

இத்தனைக்கும் நடுவில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரவில் தூங்காமல் கட்-ஆஃப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருப்பது, சாப்பாட்டைத் தவிர்ப்பது, நண்பர்களோடு பேச்சை நிறுத்துவது, "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று சொல்வது ஆகியவற்றைப் பருவக் கோளாறு என்று தள்ளிவிடக் கூடாது. அன்றைக்குக் கவுன்சலிங் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டுப் பிள்ளையோடு உட்கார வேண்டும். 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கிறது. தமிழிலேயே பேசலாம். பெற்றோரும் அழைக்கலாம். தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது.

தேர்ச்சி பெறாத பிள்ளைகள்தான் இந்தப் பருவத்தில் யார் கண்ணிலும் படாமல் போகிறார்கள். அவர்களுக்குச் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வருகிறது. அதில் தேறியவர்களுக்கென்று பொறியியலில் துணைக் கவுன்சலிங் நடக்கிறது. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தால் நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். எங்குமே சேராமல் விடுபட்டவர்களை அழைத்துப் பேசி, அங்கேயே சேர்க்கைக்கு வழி செய்ய 'உயர்வுக்குப் படி' முகாம்களை மாவட்டந்தோறும் நடத்துகிறார்கள். முகாம் தேதியை அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடமோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.